மதுரை மெஸ் பழக்கத்தோடு கொரியச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைவது எப்படி

கொரியாவில் சாதாரண மக்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் கடையைச் சிக்தாங் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு மேசைகள், சுவரில் எழுதி மாட்டிய உணவுப் பட்டியல், அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்த்து வரவேற்கும் நடுத்தர வயது அம்மாள், வாசலையொட்டிக் கல்லா என்று அதன் அமைப்பு முழுவதும் நம் ஊர் மெஸ்ஸை ஒத்தது. ஆகவே வேலை நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ அங்கே போகும் மதுரைக்காரர், வெளிநாட்டு மேசை நாகரிகம் பற்றிப் படித்ததையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, சிம்மக்கல்லில் தெரிந்த மெஸ் ஒன்றுக்குள் நுழையும் மனநிலையில் நுழைந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். அதே மெஸ் பழக்கம் எந்தெந்த இடத்தில் நம் காலை வாரிவிடும் என்று தெரிந்துகொள்வதுதான் மீதிப் பாதி.

முதலில் நேரம். கொரியர்கள் மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காருகிறார்கள். அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் பன்னிரண்டு முதல் ஒரு மணி வரை இடம் கிடைப்பது அரிது. நம்மைப் போல இரண்டரை மணிக்கு மேல் ஆற அமரப் போனால், பல கடைகள் மூன்று முதல் ஐந்து மணி வரை அடுப்பை அணைத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்வோம். பதினொன்றரைக்கோ ஒன்றேகாலுக்கோ போவது உத்தமம். தூங்கா நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு நள்ளிரவுப் பசி எடுத்தால், சூப்பும் சோறும் தரும் குக்பாப் கடைகளில் சில இரவு முழுவதும் திறந்திருக்கும். கடையைத் தேடக் கூகுள் வரைபடத்தைவிட நேவர் வரைபடமும் காக்காவோ வரைபடமும் அந்த நாட்டில் நன்றாக வழிகாட்டும். சுவரில் இருப்பதைப் படிக்க, பட்டியலைப் படம் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும் பாப்பாகோ செயலியைக் கைப்பேசியில் ஊரிலிருந்தே இறக்கிக்கொண்டு போவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் போதும். வாசலுக்கு அடுத்து ஒரு படி உயர்ந்து, அங்கே செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் அது தரையில் உட்காரும் கடை. நமக்குச் சம்மணமிட்டு உட்காருவது புதிதன்று. குளிர்காலத்தில் தரைக்கு அடியிலிருந்து சூடேற்றும் ஒந்தோல் அமைப்பு இருப்பதால், வெளியே பனி கொட்டும்போது அந்தத் தரையில் உட்காருவது ஒரு தனிச் சுகம். அங்கே வெறுங்காலோடு நடப்பவர்கள் குறைவு. ஓட்டையில்லாத காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். செருப்பைத் தரைப்பகுதிக்கு முன்பே கழற்ற வேண்டும் என்பதை மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உட்கார்ந்த பிறகு மேசையில் கரண்டியோ குச்சியோ தென்படாவிட்டால் பரிமாறுபவரைத் தேட வேண்டாம். மேசையின் பக்கவாட்டில் கைவைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் இழுப்பறை இருக்கும். கரண்டி, குச்சி, காகிதத் துண்டு எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். நம்மை உடனே ஊர் நினைப்பில் ஆழ்த்துவது அந்தப் பாத்திரங்கள்தான்: கரண்டி, குச்சி, தண்ணீர் டம்ளர், மூடி போட்ட சோற்றுக் கிண்ணம் என்று எல்லாமே எவர்சில்வர். சீன, ஜப்பானியக் கடைகளில் மரக்குச்சியும் மூங்கில் குச்சியும் இருக்க, கொரியர்கள் மட்டும் தட்டையான, மெல்லிய, வழுக்கும் உலோகக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வறுத்த நிலக்கடலையை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்குக் குச்சியால் மாற்றிப் பழகினேன். முதல் நாள் பத்துக்கு ஏழு தெருவில் உருண்டன. இருந்தும் அது வீண் உழைப்பு அல்ல. பழகாதவர்களும் அஞ்ச வேண்டாம், ஏனென்றால் சோற்றையும் குழம்பையும் கொரியர்கள் கரண்டியால்தான் உண்கிறார்கள்; குச்சி பெரும்பாலும் தொடுகறிகளுக்கே. கரண்டியையும் குச்சியையும் ஒரே கையில் ஒன்றாகப் பிடிப்பதும், ஜப்பானியரைப் போலக் கிண்ணத்தை வாயருகே தூக்குவதும் அங்கே அழகல்ல. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது, இறந்தவருக்குப் படைக்கும் சடங்கை நினைவூட்டுவதால், கட்டாயம் தவிர்க்க வேண்டியது.

தண்ணீர் இலவசம், ஆனால் பெரும்பாலான கடைகளில் நாமே எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர்பெட்டியில் குப்பிகளாகவோ சுவரோரம் இயந்திரத்திலோ இருக்கும். பழுப்பு நிறமாக இருந்தால் பயம் வேண்டாம், அது வறுத்த வாற்கோதுமை போட்ட நீர்.

இனி, கூப்பிடும் முறை. மேசையில் அழைப்பு மணிப் பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்தலாம். இல்லாவிட்டால் குரல் கொடுப்பதே அங்கே வழக்கம்; கண்ணால் சாடை காட்டிக்கொண்டு காத்திருந்தால் கடைசி வரை காத்திருக்க வேண்டியதுதான். "ஜொகியோ" என்றால் ஏறத்தாழ நம் "இங்க பாருங்க" என்பதற்குச் சமம். யாரிடமும் எந்தக் கடையிலும் சொல்லலாம். வாடிக்கையாளர்கள் பரிமாறும் அம்மாளை "இமோ" என்று அழைப்பதையும் கேட்பீர்கள். அம்மாவின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது. நம் ஊரில் மெஸ்காரம்மாவை "அக்கா" என்று கூப்பிடுகிறோமே, அதே உரிமை, உறவு மட்டும் ஒரு தலைமுறை மேலே. முதல் முறை போகும் வேற்றூர்க்காரர் ஜொகியோவோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. இரண்டு மூன்று நாள் அதே கடைக்குப் போய் முகம் பழகிய பிறகு ஒருமுறை இமோ என்று சொல்லிப் பாருங்கள், தொடுகறித் தட்டில் குவியல் சற்று உயர்ந்து வரும். எதைக் கேட்பதானாலும் பொருளின் பெயரோடு "ஜுசேயோ" என்று சேர்த்துவிட்டால் "கொடுங்கள்" என்று பொருள்படும். "இன்னும்" என்பதற்குத் "தொ". "கிம்ச்சி தொ ஜுசேயோ" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் கொரியாவில் ஒருவர் பட்டினி கிடக்க மாட்டார்.

தொடுகறிகளைப் பன்ச்சான் என்கிறார்கள். கிம்ச்சி, முளைகட்டிய சோயாப் பயறு, கீரை வதக்கல், முள்ளங்கி, மீன் மாவில் செய்த வில்லை என்று மூன்று முதல் எட்டுச் சிறு தட்டுகள் நாம் கேட்காமலேயே வந்து அமரும். நாம் கேட்காததை ஏன் வைக்கிறார்கள், இதற்குத் தனிக் காசா என்று முதல் நாள் சந்தேகம் எழும். இல்லை; இலையில் வைக்கும் கூட்டு, பொரியல், ஊறுகாய் போல அது சாப்பாட்டோடு சேர்ந்தது. தீர்ந்தால் மறுபடி கேட்கலாம், அதற்கும் காசில்லை. சில கடைகளில் ஓரமாகப் பாத்திரங்களில் வைத்து நாமே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். ஆனால் நம் மெஸ் கணக்கு ஓரிடத்தில் தலைகீழாகிறது: இங்கே சோறு போதும் போதும் என்னும் வரை வரும், அங்கே சோறு ஒரு கிண்ணத்தோடு சரி. 1970-களில் அரிசியைச் சிக்கனப்படுத்த அரசே உணவகக் கிண்ணத்தின் அளவை வரையறுத்தது. இன்றைய அந்தச் சிறிய, மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணம் அந்தக் காலத்து மிச்சம். இரண்டாவது கிண்ணம் வேண்டுமானால் பெரும்பாலும் 1,000 வொன் அளவில் தனியாகத் தர வேண்டியிருக்கும்.

விலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். நூறு ரூபாய் ஏறத்தாழ 1,600 வொன் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், சாதாரணக் கடையில் ஒருவர் சாப்பாடு 8,000 முதல் 12,000 வொன், அதாவது 500 முதல் 750 ரூபாய் ஆகும். ஒரு குழம்புக்கும் சோற்றுக்கும் இவ்வளவா என்று மனம் பதறும். வாடகையும் சம்பளமும் அந்த ஊருக்கு ஏற்றபடிதானே இருக்கும். பட்டியலில் உள்ள விலையில் வரியும் அடக்கம்.

தனியாகப் போகிறவர்கள் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேசையிலேயே அடுப்பு வைத்துச் சுடும் இறைச்சி, பெரிய சட்டியில் கொதிக்கும் கூட்டுக்குழம்பு போன்றவை குறைந்தது இரண்டு பேர் அளவாகத்தான் தரப்படும். ஒரு பங்கு என்பதை இல்-இன்புன் என்றும் இரண்டு பங்கை இ-இன்புன் என்றும் சொல்வார்கள். பட்டியலில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் 2 என்ற எண் தெரிந்தால் அது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். ஒருவர் மட்டும் போய் உட்கார்ந்து, ஒரு பங்கு மட்டும் கேட்டு, முடியாது என்று அவர்கள் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்ட, அசடு வழிய எழுந்து வந்த அனுபவம் எனக்கு உண்டு. அது விரட்டுவது அல்ல, அந்த உணவின் அளவு அப்படி. தனியாளுக்கு ஏற்றவை குக்பாப், பிபிம்பாப், ஒற்றைச் சட்டியில் வரும் குழம்புகள் ஆகியவை.

இவற்றில் பிபிம்பாப் நமக்கு விளக்கமே தேவைப்படாத உணவு. பிபிம் என்றால் பிசைதல், பாப் என்றால் சோறு. சோற்றின்மேல் கீரைகளும் காய்களும் வண்ணம் பிரித்து அடுக்கி, நடுவே முட்டையோடு வரும்; கொசுஜாங் என்ற மிளகாய் விழுதைப் போட்டு அடிவரை கரண்டியால் பிசைந்துவிட வேண்டும். அழகு கெட்டுவிடுமே என்று மேலாகக் கொத்தித் தின்பவரைப் பார்த்து இமோவே வந்து பிசைந்து கொடுத்துவிட்டுப் போவார். இந்த உணவுக்குப் பேர்போன ஊர் ஜொஞ்சு. 2012-இல் யுனெஸ்கோ அதைச் சிறந்த உணவு நகரங்களின் வரிசையில் சேர்த்தது. சாப்பாட்டுக்காகவே ஆட்கள் பயணம் செய்யும் ஊர் என்ற வகையில் அதை அந்த நாட்டு மதுரை என்று சொன்னால் மிகையாகாது.

குழம்புகள் ஜிகே எனப்படும். கிம்ச்சி ஜிகே புளிப்பும் காரமும். தென்ஜாங் ஜிகே புளிக்க வைத்த சோயா விழுதில் செய்தது, முதல் வாசனைக்கு முகம் சுளிக்க வைத்து மூன்றாம் நாள் தேட வைப்பது. இரண்டும் மண்சட்டியில் அடுப்பிலிருந்து இறங்கிய கொதியோடு அப்படியே மேசைக்கு வரும். மீன்குழம்பு வைத்த மண்சட்டி எவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்று அறிந்தவர்களும் பசி அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொள்கிறார்கள். காரத்தைப் பொறுத்தவரை, சிவப்பைக் கண்டு மிரள வேண்டாம். கொரிய மிளகாயில் நிறம் அதிகம், உறைப்பு குறைவு, கூடவே ஓர் இனிப்பு.

அங்கே எனக்கு நேர்ந்த பெரிய அசட்டுத்தனம் சொல்லோங்தாங் கடையில். மாட்டெலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து எடுத்த, பால் போல் வெளுத்த சூப் அது. உடன் வந்த நண்பருக்கு மாட்டிறைச்சியில் தடையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் உப்புச் சப்பில்லாத அந்தச் சூப்பை இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டே அரைச் சட்டி குடித்து முடித்தோம். பக்கத்து மேசைப் பெரியவர் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து, எங்கள் மேசையிலேயே இருந்த சிறு பாத்திரத்தைத் திறந்து ஒரு சிட்டிகை கல்லுப்பையும் இன்னொரு பாத்திரத்திலிருந்து நறுக்கிய வெங்காயத் தாளையும் அள்ளிப் போட்டுக் கலக்கினார். அதன் பிறகுதான் அது உணவாயிற்று. அந்தச் சூப் உப்பில்லாமல்தான் வரும், உப்பிடுவது உண்பவர் பொறுப்பு. மேசையில் உள்ள எல்லா மூடிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள்.

சைவர்களுக்கும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ உண்ணாதவர்களுக்கும் இந்த நாடு சற்றுக் கடினமானது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இறைச்சி எதுவும் கண்ணில் படாத குழம்பிலும் சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டை வேகவைத்து எடுத்ததாக இருக்கும். கிம்ச்சியில் உப்பில் ஊறிய கூனி இறாலோ மீன்சாறோ சேர்ந்திருக்கும். அங்குள்ளவர்கள் இதை அசைவம் என்றே நினைப்பதில்லை, ஆகையால் "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு அதே குழம்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். பொய் சொல்வதாக நாம் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி விலக்கச் சொல்வதே வழி. "கோகி ப்பே ஜுசேயோ" என்றால் இறைச்சியை விட்டுவிடுங்கள் என்று பொருள். முட்டைக்குக் கேரான், நெத்திலிக்கு மியோல்ச்சி என்று முதற்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் அண்டாவிலிருந்து நெத்திலியைப் பிரிக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. ஆகவே பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்பது, கோடையில் கிடைக்கும் கொங்குக்சு என்ற குளிர்ந்த சோயாப்பால் நூடுல்ஸ், பூசணிக் கஞ்சி ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. கட்டுப்பாடு மிகுந்தவர்கள் பௌத்த மடங்களின் உணவை நாடலாம். அதில் இறைச்சி மட்டுமன்றிப் பூண்டு, வெங்காய வகைகள், ஏன், நம் பெருங்காயம் கூட விலக்கு. சியோலில் ஜோகேசா கோயிலுக்கு அருகே உள்ள பல்வூ கோங்யாங் அத்தகையது. சாதாரணக் கடை விலையை அங்கே எதிர்பார்க்க முடியாது.

மாட்டிறைச்சி சோகோகி, பன்றி துவேஜிகோகி, கோழி தக்கோகி. இந்த மூன்று சொற்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாவது போங்கள். பிபிம்பாப்பின்மேல் தூவும் கொத்துக்கறி பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆட்டுக்கறியை நம்பிப் போகிற மதுரைக்காரர் ஏமாறுவார், சிக்தாங்கில் அது அபூர்வம். கோழி உண்பவர்களுக்குச் சம்க்யேதாங் உண்டு: இளங்கோழியின் வயிற்றில் பசையரிசி, பூண்டு, ஜின்செங் வேர், இலந்தை வகைப் பழம் ஆகியவற்றை அடைத்து முழுதாக வேகவைத்தது. கோடையின் உச்ச வெயில் நாட்களில் இதைக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் உடல் தெம்பாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. மீன் உண்பவர்கள் கொதுங்கொ குயி என்று கேட்டால், நம் கானாங்கெளுத்தியின் உறவுக்கார மீன் ஒன்று உப்பிட்டுச் சுட்டு வரும். மாறாக, ரத்தப் பொரியலையும் குடல் குழம்பையும் ரசித்து உண்பவர்கள் சுன்தேயை விடக்கூடாது. பன்றிக் குடலில் ரத்தமும் கண்ணாடி நூடுல்ஸும் அடைத்து அவித்தது அது. ஆங்கிலப் பட்டியலில் இதை ஐஸ்கிரீம் சண்டேயின் அதே எழுத்துகளில் எழுதியிருப்பார்கள் என்பதால், குழந்தைகளுக்கு இனிப்பு என்று எண்ணிச் சொல்லிவிடாதீர்கள்.

எச்சில் விஷயத்தையும் பேசத்தான் வேண்டும். கொரியாவில் நடுவே வைத்த ஒரே சட்டிக் குழம்பில் குடும்பத்தார் அனைவரும் தத்தம் கரண்டியை விட்டு உண்பதும், தொடுகறித் தட்டுகளில் எல்லாரும் தம் குச்சியால் எடுப்பதும் நெடுநாள் வழக்கம். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இது தொண்டையில் அடைக்கும். முகத்தைச் சுளிக்காமல் "அப்ஜொப்ஷி ஜுசேயோ" என்று கேட்டால் ஆளுக்கொரு சிறு தட்டு தருவார்கள். உண்ணத் தொடங்கும் முன்பே அகப்பையால் நம் பங்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இப்போது கொரியர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

கையால் சாப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குபவர்களுக்கு ஓர் ஆறுதல்: ஸ்ஸாம் என்பதைக் கையால்தான் உண்ண வேண்டும். உள்ளங்கையில் ஒரு லெட்யூஸ் இலையை விரித்து, சுட்ட இறைச்சித் துண்டு, பூண்டுப் பல், கொஞ்சம் விழுது வைத்து, பீடா மடிப்பது போல மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்து மீதியைத் தட்டில் வைப்பது அழகல்ல. கத்தரிக்கோலைக் கண்டும் திகைக்க வேண்டாம், இறைச்சியையும் நூடுல்ஸையும் வெட்ட அதைத்தான் தருவார்கள்.

சட்டிச்சோறு கேட்டிருந்தால் அதற்கென ஒரு முறை இருக்கிறது. தோல்சோத்பாப் என்ற அந்தச் சோறு கனத்த கற்சட்டியில் மூடியோடு வரும். மூடியைத் திறந்ததும் சோற்றை முழுவதும் உடன் வைத்த வெறுங்கிண்ணத்துக்கு மாற்றிவிட வேண்டும், அடியில் ஒட்டிய பொன்னிறக் காந்தலை மட்டும் விட்டுவிட வேண்டும். மேசையில் இருக்கும் கெண்டியிலிருந்து வெந்நீரை அதன்மேல் ஊற்றினால் சுர்ரென்று சத்தம் எழும். உடனே மூடி, மறந்துவிட்டுச் சாப்பிடுங்கள். கடைசிக் கவளம் முடிந்த பிறகு மூடியைத் திறந்தால், காந்தல் ஊறி நெகிழ்ந்து, வறுத்த அரிசி மணத்தோடு ஒரு கஞ்சி காத்திருக்கும். காரம் சாப்பிட்ட வாய்க்கு நம் மோர்ச்சோறு செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. அவசரப்பட்டுச் சட்டியை ஒதுக்கி வைத்தால் பரிமாறுபவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பெரியவர்களோடு சாப்பிட்டால் அவர்கள் கரண்டியை எடுத்த பிறகு நாம் எடுப்பதும், எதையும் இரு கையால் கொடுத்து வாங்குவதும் முறை. கோயிலில் திருநீறு வாங்கும்போது வலக்கைக்குக் கீழே இடக்கையைத் தாங்கலாக வைக்கிறோமே, அந்தப் பாங்கு அப்படியே போதும். கார உணவால் மூக்கு ஒழுகினால் மேசையிலேயே சிந்தாமல் எழுந்து போய் வருவது நல்லது.

முடிந்ததும் பில் வரும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். மேசையில் சீட்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு, கல்லாவுக்குப் போய் "கேசான் ஜுசேயோ" என்றால் கணக்குச் சொல்வார்கள். அட்டை அநேகமாக எங்கும் செல்லும், சந்தைக்குள் இருக்கும் கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் ரொக்கம் தேவைப்படலாம். டிப்ஸ் கிடையாது, மிச்சச் சில்லறையை மேசையில் விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். "ஜால் மொகொஸ்ஸும்னிதா", நன்றாகச் சாப்பிட்டேன், என்று சொல்லித் தலையைச் சற்றுத் தாழ்த்திவிட்டுத் திரும்பும்போது, பல கடைகளில் வாசலோரம் ஒரு சிறிய காபி இயந்திரம் நிற்பதைக் காண்பீர்கள். காசு போடத் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் காகிதக் கோப்பையில் அரைக் கோப்பை காபி வரும், நம் ஊர் அளவுக்கே தித்திப்பாக.